12 வயது நாய்க்கு 3 நாளாக வயிற்றுப்போக்கு
உங்கள் கிழட்டு நாய் 3 நாளாகக் கழிகிறது, பால்சோறு மட்டும்தான் தின்கிறது என்கிறீர்கள். முதலில் பாலை நிறுத்துங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. போக்கு இன்னும் கூடும். தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறியை உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றில் பிசைந்து, நாளுக்கு 4 வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எங்கள் வீட்டுக் கிழட்டு நாய்க்கு உள்ளங்கையில் வைத்துத்தான் ஊட்டினேன். நக்கி நக்கித் தின்றாள், பாவம்.

ஈறைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வழுக்க வேண்டும். விரல் ஒட்டினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. நீர் வற்றியதா என்று தோலை இழுத்துப் பார்ப்பது வயதான நாய்க்குச் சரிவராது. மனிதர் மாத்திரை எதுவும் வேண்டவே வேண்டாம்.

இந்த வயதில் 3 நாள் அதிகம். நாளைக் காலையே கால்நடை மருத்துவரிடம் போங்கள், மலத்தில் சிறிது டப்பாவில் எடுத்துக்கொண்டு. மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ இரவே கிளம்பிவிடுங்கள்.