லினக்ஸோட எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் இருக்கற டிஸ்க்ல ஒரு டைரக்டரி (ஃபோல்டர்) கெட்டுப்போச்சு, உள்ள இருந்த ஃபைல் எல்லாம் போயிடுச்சா?

கரண்ட் போய் வந்ததுல இருந்து ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கல, ஸ்ட்ரக்சர் நீட்ஸ் க்ளீனிங்னு எரர் வருது, ரூட்டா இருந்து அழிச்சாலும் அழியல, ஃபைல்சிஸ்டத்த சரிபாக்கற எஃப்எஸ்சிகே (fsck) டூல ஓட்டி அது கேக்கற எல்லாத்துக்கும் யெஸ் குடுத்துடலாமான்னு கேட்டிருக்கீங்க.

இப்ப குடுக்காதீங்க. அழிக்கிற முயற்சியையும் நிறுத்திடுங்க, அந்த பார்ட்டிஷன உடனே அன்மவுன்ட் பண்ணுங்க. உங்க ஃபைல்ல பெரும்பாலானது அப்படியே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ஏன்னா யூனிக்ஸ்ல டைரக்டரிங்கறதும் ஒரு ஃபைல்தான், அதுக்குள்ள இருக்கறது பேரும் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலோட விவரப் பதிவு) நம்பரும் மட்டும்தான். ஃபைலோட சைஸ், ஓனர், பர்மிஷன், டேட்டா டிஸ்க்ல எந்த பிளாக்ல (துண்டுல) கிடக்கு, இதெல்லாம் ஐநோடுல இருக்கு, ஆனா ஐநோடுக்கு தன்னோட பேரு தெரியாது. அதனால டைரக்டரி பிளாக் கெட்டா போறது பேருதான்.

எக்ஸ்ட்4ல ஒரு என்ட்ரி எப்படி இருக்கும்னா, முதல் 4 பைட்டு ஐநோடு நம்பர், அடுத்த 2 பைட்டு அந்த என்ட்ரியோட நீளம், 1 பைட்டு பேரோட நீளம், 1 பைட்டு ஃபைல் டைப், அப்புறம் பேரு. அடுத்த என்ட்ரி எங்க ஆரம்பிக்குதுன்னு கெர்னல் அந்த நீளத்த வெச்சுதான் தாவித் தாவி போகும், அது பூஜ்யம் ஆயிட்டா அந்த பிளாக்ல அதுக்குப் பின்னாடி இருக்கற எதுவும் எட்டாது. கெர்னல் லாக்ல பேட் என்ட்ரி இன் டைரக்டரின்னு வரி இருக்கான்னு பாருங்க, அதுலயே ஐநோடு நம்பரும் இருக்கும், எழுதி வெச்சுக்கோங்க. 1979ல வந்த ஏழாம் எடிஷன் யூனிக்ஸ்ல ஒவ்வொரு என்ட்ரியும் கரெக்டா 16 பைட்டு, 2 நம்பருக்கு 14 பேருக்கு, அதனால ஒண்ணு கெட்டாலும் அடுத்தது எங்கன்னு தெரியும். நீளமான பேரு வேணும்னு வந்தப்பதான் இந்த சங்கிலி வந்துச்சு.

இப்ப வேலைக்கு வருவோம். வேற டிஸ்க்ல இடம் பாத்து டிடிரெஸ்க்யூ (ddrescue) கமாண்ட் போட்டு முழு பார்ட்டிஷனையும் இமேஜ், அதாவது அச்சு அசல் காப்பி, எடுங்க, இதுல மட்டும் சோம்பல் வேணாம், எஃப்எஸ்சிகேங்கறது ஃபைல்சிஸ்டத்த ஒழுங்காக்கற டூல், உங்க டேட்டாவ காப்பாத்தறது அதோட முதல் கவலை இல்ல. இமேஜ் மேல முதல்ல எஃப்எஸ்சிகேவ -n ஆப்ஷனோட ஓட்டுனா எதையும் எழுதாம என்னென்ன கெட்டிருக்குன்னு சொல்லும், அத ஒரு ஃபைல்ல சேவ் பண்ணிக்கோங்க. அப்புறம் ஃபைல்சிஸ்டத்துக்கு உள்ள பாக்கற டூலான டீபக்எஃப்எஸ்ல (debugfs) இமேஜ திறந்து பாருங்க, அது சும்மா திறந்தா ரீட் ஒன்லிதான், பயம் இல்ல. நல்லா இருக்கற ஃபோல்டர்கள அதோட ஆர்டம்ப் (rdump) கமாண்ட் போட்டு அப்படியே வெளிய எடுத்துடலாம். கெட்ட டைரக்டரியோட பிளாக்க டம்ப் பண்ணி, எழுத்துங்கள மட்டும் பொறுக்கி எடுக்கற ஸ்ட்ரிங்ஸ் (strings) கமாண்ட ஓட்டுனா பழைய பேருங்க பல நேரம் கிடைக்கும். பேரு தமிழ்ல வெச்சிருந்தா சும்மா ஓட்டுனா ஒண்ணும் காட்டாது, அது ஆஸ்கி எழுத்த மட்டும்தான் தேடும், -e ஆப்ஷன்ல பெரிய S குடுத்து ஓட்டணும்.

இவ்வளவும் ஆனப்புறம் இமேஜோட இன்னொரு காப்பி மேல எஃப்எஸ்சிகே ஓட்டுங்க, -z ஆப்ஷன்ல அன்டூ ஃபைலும் (மாத்துனத திரும்ப பழையபடி ஆக்க உதவற ஃபைல்) குடுங்க. அஞ்சு பாஸ் ஓடும். ரெண்டாவதுல டைரக்டரி என்ட்ரிங்கள சோதிக்கும், மூணாவதுல தாய் இல்லாம நிக்கற டைரக்டரிகள, நாலாவதுல பேரே இல்லாத ஃபைல்கள கண்டுபிடிச்சு லாஸ்ட் ஃபவுண்ட் (lost+found) ஃபோல்டர்ல போடும். அது ரூட்டுக்கு மட்டும்தான் திறக்கும், உள்ள ஒவ்வொண்ணும் ஹேஷ் (#) குறியோட ஐநோடு நம்பர்தான் பேரா இருக்கும், பாத்து மிரண்டுடாதீங்க. கெட்டது ஒரே டைரக்டரின்னா அதோட நேரடி ஃபைலுக்கும் சப் ஃபோல்டருக்கும் மட்டும்தான் பேரு போயிருக்கும், ஒவ்வொரு சப் ஃபோல்டருக்குள்ளயும் போனா அங்க எல்லா பேரும் பழையபடியே இருக்கும், ஏன்னா அது வேற பிளாக்ல இருக்கு. மிச்சத்துக்கு ஃபைல் (file) கமாண்ட் போட்டா படமா பிடிஎஃப்பான்னு சொல்லிடும், ஃபைல் தேடற லொகேட் (locate) கமாண்டோட டேட்டாபேஸ் பழசு இருந்தா அதுலயும் பேரு பட்டியல் கிடைக்கும், எது எதுன்னு உக்காந்து பொருத்தறது நம்ம வேலைதான்.

அதுக்கும் அந்த ஃபோல்டர் மசியலன்னா கடைசி வழி, டீபக்எஃப்எஸ்ஸ ரைட் மோடுல திறந்து அந்த ஒரு டைரக்டரியோட ஐநோடு பதிவ கிளியர் பண்ணிட்டு திரும்ப எஃப்எஸ்சிகே ஓட்டறது. நம்பர ரெண்டு தடவ சரி பாத்துட்டு அடிங்க, 2ங்கறது ரூட் டைரக்டரி.

ஒரு எரரும் வராத வரைக்கும் எஃப்எஸ்சிகேவ திரும்ப ஓட்டுங்க. டிஸ்க் தன்னோட ஆரோக்கியத்த பத்தி குடுக்கற ஸ்மார்ட் (SMART) ரிப்போர்ட்டையும் பாருங்க, பென்டிங் செக்டார் (சரியா படிக்க முடியாம நிக்கற இடங்கள்) ஏறிட்டே போகுதுன்னா மீட்டத வேற டிஸ்க்ல வெச்சுக்கிட்டு இத கழட்டி வெச்சுடுங்க.