கம்பியைக் கவ்வும் குறடு

கேள்வி: கீழே விழுந்து முழங்கால் சில்லு உடைந்து, கம்பி வைத்துக் கட்டினார்கள். முதுகில் ஊசி போட்டதால் விழித்துக்கொண்டே இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ‘வயர் ஹோல்டர்’ கேட்டார். உடனே டிக் டிக் என்று சத்தம். வீட்டில் இருக்கும் குறடு மாதிரிதானா அது? முறுக்கிய கம்பி அவிழ்ந்துவிடாதா?

பதில்: பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். நீங்கள் கேட்டது பூட்டு விழும் சத்தம். கைப்பிடியில் சின்னச் சின்னப் பற்கள் உண்டு. கவ்வி அழுத்திவிட்டால் கையை எடுத்தாலும் வாய் திறக்காது. ரத்தம் பட்ட கையுறையோடு 1 மி.மீ. கம்பியை இழுத்துப் பிடிக்க அது இல்லாமல் முடியாது. வாயின் உட்புறத்தில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளைப் பதித்திருப்பார்கள். விரல் நுழைக்கும் தங்க நிற வளையம்தான் அதற்கு அடையாளம்.

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், அவசரத்தில் தையல் ஊசி பிடிக்கிற ஹோல்டரைக் கம்பிக்கு எடுத்து நீட்டிவிட்டேன். அதன் வாயில் பள்ளம் விழுந்துவிட்டது. அப்புறம் மெல்லிய ஊசி அதில் நிற்கவே இல்லை. சீனியர் சிஸ்டரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக் குறடு இங்கே ஆகாது. கிருமி போக 134 டிகிரி நீராவியில் திரும்பத் திரும்ப வெந்தால் அதன் பிளாஸ்டிக் பிடியும் போகும், துருவும் ஏறும்.

அவிழுமா என்றால், அது முறுக்குகிற கையைப் பொறுத்தது. பெரும்பாலும் உடைந்த சில்லுக்குள் இரண்டு நேர்க் கம்பிகளைச் செருகி (1909-இல் இதைக் கொண்டுவந்த ஜெர்மன் டாக்டர் கிர்ஷ்னர் பெயரால் கே-வயர் என்போம்), அவற்றைச் சுற்றி மெல்லிய கம்பியை எட்டு வடிவில் கட்டுவார்கள். அதன் இரு முனைகளையும் ஹோல்டரில் கவ்வி, மேலே இழுத்துக்கொண்டே முறுக்க வேண்டும். இரண்டும் சமமாகப் பின்ன வேண்டும். ஒன்று நேராக நிற்க மற்றொன்று கொடி மாதிரி அதைச் சுற்றினால் வழுக்கிவிடும். ஆசைப்பட்டு ஒரு சுற்று கூடப் போட்டால் அடியிலேயே பட்டென்று அறும், மறுபடி முதலிலிருந்து. வெட்டும்போது துண்டு தெறிக்காமல் பிடிப்பதும் இதே ஹோல்டர்தான். அந்தத் துண்டுகளை எண்ணிக் கிண்ணத்தில் போடுவது என் வேலை.

மிச்ச முறுக்கை எலும்போடு மடக்கிவிடுவார்கள். அப்படியும் சிலருக்கு முட்டி போடும்போது முனை குத்தும். உங்களுக்கும் குத்தினால் டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு நன்றாகக் கூடிய பிறகு எடுத்துவிடலாம். எடுக்கும்போதும் டிக் டிக் கேட்கும்.