கேள்வி நேரம்: கத்திரி வெயிலும் கம்ப்யூட்டர் சூடும்

ரைசன் 5 7600 ப்ராசசர் வாங்கப் போகிறேன். ஏ620 மதர்போர்டே போதும் என்கிறார் கடைக்காரர். பிற்பாடு ஓவர்கிளாக் செய்யும் (ப்ராசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும்) எண்ணமும் உண்டு. பி650-க்குக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?
— பொறியியல் மாணவர், காட்பாடி

எண்ணம் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பி650 வாங்குங்கள். ஏ620 சிப்செட்டில் ராமின் வேகத்தை ஏற்றலாம், ப்ராசசரின் வேகத்தில் கை வைக்க ஏஎம்டி இடம் தரவில்லை.

பெட்டியில் பி650 என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் விஆர்எம் பகுதியைப் பாருங்கள். பவர் சப்ளையின் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1.2 வோல்ட்டாக இறக்கித் தருவது அதுதான். 7600 முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். 1.2 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 70 ஆம்பியரைத் தாண்டும். வீட்டுக் கிணற்று மோட்டார்கூட அவ்வளவு இழுப்பதில்லை! அத்தனையும் விரல் நகத்தைவிடச் சிறிய சில்லுகள் வழியே போகிறது. அவற்றின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் இல்லாத போர்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நம் வேலூர் வெயிலுக்கு வாங்காதீர்கள்.

பயாஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் நல்லது. நாளை புது ப்ராசசர் மாற்றும்போது பழைய பயாஸ் அதை அடையாளம் காணாவிட்டாலும், பென் டிரைவை மட்டும் வைத்து அப்டேட் செய்துவிடலாம். எக்ஸ்670 வரை போக வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் 6000 வேகத்தில் 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு வாங்குங்கள். பழைய டிடிஆர்4 இந்த போர்டில் ஏறாது.

இன்டெல் பக்கம் போகிறவர்களுக்கு: பெயரில் எண்ணுக்குப் பின் 'கே' உள்ள ப்ராசசர், இசட் வரிசை போர்டு, இரண்டும் சேர்ந்தால்தான் ஓவர்கிளாக். ஒன்று மட்டும் இருந்தால் கூடுதலாகக் கொடுத்த காசு வீண்.

அதே 7600-இல் கர்வ் ஆப்டிமைசரை (ப்ராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் செட்டிங்) எல்லா கோருக்கும் மைனஸ் 30 வைத்து, பொங்கல் லீவில் ஒரு மணி நேரம் சினிபெஞ்ச் சோதனை ஓட்டினேன், நன்றாக நின்றது. இப்போது மே மாதம். கேம் ஆடினால் வேகம் இறங்குகிறது. பிரவுசரைத் திறந்து சும்மா வைத்திருந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கூடவே வந்த கூலர்தான். போர்டு போய்விட்டதா?
— வாசகர், சத்துவாச்சாரி

போர்டு போகவில்லை. உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

வேகம் இறங்குவது வெயிலால். எந்தக் காற்றுக் கூலரும் ப்ராசசரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. 'இத்தனை வாட்டுக்கு அறையைவிட இத்தனை டிகிரி அதிகம்' என்ற வித்தியாசத்தை மட்டுமே அது காப்பாற்றும். ஜனவரியில் 26 டிகிரி அறையில் 82-இல் நின்ற ப்ராசசர், 39 டிகிரி அறையில் 95-ஐத் தொடும். 7600-க்கு 95 தான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. ராத்திரியில் ஆடினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். பகலெல்லாம் காய்ந்த நம் பாறை மலைகளும் மொட்டை மாடித் தளமும் இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். 120 மிமீ ஃபேன் உள்ள ஒரு சாதாரண டவர் கூலர் போதும். தண்ணீர்க் கூலர் இந்த 88 வாட்டுக்குத் தேவையில்லை.

ரீஸ்டார்ட் ஆவது மைனஸ் 30-ஆல். எல்லா கோரும் வேலை செய்யும்போது வாட் வரம்பு வேகத்தை அடக்கி வைக்கிறது. ஒரே ஒரு கோர் விழித்து ஒரு பக்கத்தைத் திறக்கும்போதுதான் அது 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை பாய்கிறது. அந்த இடத்தில் வோல்டேஜ் துளி குறைந்தாலும் விழும். நீங்கள் ஓட்டிய சோதனை எல்லா கோரையும் ஒன்றாக ஓட்டியது. இந்தக் கோளாறு அதில் தெரிய வாய்ப்பு குறைவு. விளிம்பில் நின்ற செட்டிங்கை வெயில் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் எக்ஸ்போவை (ராமின் வேகத்தை ஏற்றும் பயாஸ் செட்டிங்) அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். சூட்டில் ராம் செல்களின் மின்னூட்டம் சீக்கிரம் கசியும் என்பதால் அந்தச் சந்தேகத்தைத் தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதும் ரீஸ்டார்ட் ஆனால் ஆப்டிமைசரை மைனஸ் 15-க்குக் கொண்டு வாருங்கள். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற ஹார்டுவேர் பிழைப் பதிவு விழுந்திருந்தால் எந்த கோர் தடுமாறுகிறது என்பதற்கு அதில் துப்பு இருக்கும். அந்த கோரை மட்டும் மைனஸ் 5-இல் விட்டு, மற்றவற்றை மைனஸ் 20, மைனஸ் 25 என்று ஐந்து ஐந்தாகக் கீழே இறக்கிப் பாருங்கள். ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் கோர் கோராக மாற்றி ஓட்டும் சோதனை உண்டு, அதை ஓட்டுங்கள். எக்ஸ்போவைத் திரும்பப் போட்டதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நான்கு சுற்று. ப்ராசசருக்குள் ராமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

இதையெல்லாம் ஏசி போடாமல், மத்தியானம் 2 மணிக்குச் செய்யுங்கள். மார்கழியில் தேறிய செட்டிங்குக்கு இந்த ஊரில் மதிப்பில்லை.

பழைய ஏஎம்4 போர்டில் கூலரை மாற்றப் பிடித்து இழுத்தேன். சாக்கெட்டின் லீவர் பூட்டியபடியே இருக்க, ரைசன் 5600 ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று பின் வளைந்திருக்கிறது. காப்பாற்ற முடியுமா?
— ஆம்பூர் வாசகி

உடையவில்லை என்றால் முடியும். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்தால் பசை போலப் பிடித்துக்கொள்ளும். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருப்பதால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தும் உருவிக்கொண்டு வரும். கழற்றும் முன் பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ஸ்க்ரூவை எடுத்து, கூலரை இடமும் வலமும் திருகித்தான் எடுக்க வேண்டும். நேராக இழுக்கக்கூடாது.

உள்ளே குச்சி இல்லாத 0.7 மிமீ மெக்கானிக்கல் பென்சிலின் முனையைப் பின்னில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். பக்கத்துப் பின்களின் வரிசையோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். ஒரே பின்னை முன்னும் பின்னும் ஆட்டினால் முறிந்துவிடும். லீவரைத் தூக்கி, ப்ராசசரின் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வையுங்கள். தன் எடையிலேயே இறங்க வேண்டும். அழுத்த வேண்டியிருந்தால் இன்னும் ஏதோ வளைந்திருக்கிறது.

புதுக் கூலர் டவர் வகை என்றால், மேலே உள்ள பிளாஸ்டிக் பிடிகளின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றும்போது பின்தகடு போர்டை விட்டு விழும், ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதியது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரியுங்கள் (இதை மறந்துவிட்டு 'புதுக் கூலர் சரியில்லை' என்பவர்கள் ஏராளம்). ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டு சுற்று முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டு பேஸ்ட் சரியாகப் பரவாது. ஃபேன் காற்று பின்பக்கம் போகட்டும். வாங்கும் முன் கேபினட்டின் உள்ளகலத்தை அளந்துவிடுங்கள். 155 மிமீ உயரக் கூலர் குறுகிய கேபினட்டில் நின்றால் பக்கக் கதவு மூடாது.

புது ஏஎம்5 செட். ஃபேன் சுற்றுகிறது, திரை ஐந்து நிமிடமாகக் கறுப்பு. அணைத்து அணைத்துப் போட்டும் வரவில்லை.
— குடியாத்தம் வாசகர்

அணைப்பதை நிறுத்துங்கள். முதல் முறை டிடிஆர்5-ஐப் பழக்கிக்கொள்ள போர்டுக்குச் சில நிமிடம் பிடிக்கும். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அது முதலிலிருந்து தொடங்குகிறது. கால் மணி நேரம் பொறுங்கள். இரண்டு ராமும் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் இருக்கட்டும். அதற்கும் வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, போர்டிலுள்ள பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டி, ஒரே ஒரு ராமோடு போடுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. புது போர்டில்தான் கோளாறோ?
— வாணியம்பாடி வாசகர்

போர்டை மாற்றினாலும் சுருக்கென்றுதான் இருக்கும். பவர் சப்ளையின் ஃபில்டரில் உள்ள கெப்பாசிட்டர்கள் கசியவிடும் கொஞ்ச கரன்ட் எர்த் வழியே போக வேண்டும். உங்கள் சுவர் பிளக்கில் எர்த் இல்லை, அல்லது இரண்டு பின் அடாப்டர் போட்டிருக்கிறீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரிபார்க்கும்வரை கூலரையோ ராமையோ தொடாதீர்கள்.