படகு சவாரியில் முதுகெலும்பு முறிந்துவிட்டது. 'எங்கள் பொறுப்பல்ல' என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேட்கலாம். அந்தத் தாளை நினைத்தே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். அலை இருக்கும், படகு குலுங்கும் என்று தெரிந்தே ஏறினீர்கள் என்பதற்குத்தான் பெரும்பாலும் அந்தக் கையெழுத்து. கொந்தளிப்பிலும் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டியது வேறு கணக்கு. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, அலட்சியத்தால் நேர்ந்த மரணத்துக்கோ காயத்துக்கோ தொழில் நடத்துபவர் இப்படி எழுதி வாங்கித் தப்பிக்க முடியாது. மற்ற நாடுகளில் தாளின் பலம் மாறுபடும். அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வேகப்படகில் முதுகெலும்பு முறிபவர்கள் அநேகமாக முன்பக்கம் உட்கார்ந்தவர்கள். படகின் முனை அலைமேல் எழும்பிப் பள்ளத்தில் விழும்போது ஆள் இருக்கையை விட்டு எழும்பிவிடுவார். அவர் கீழே வரும் நேரத்தில் அடுத்த அலை இருக்கையை மேலே தள்ளும். அந்த அடி நேராக முதுகுத்தண்டில் இறங்கி, மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில் எலும்பை நசுக்கும். பின்பக்கம் இந்தளவுக்குத் தூக்கிப்போடாது. ஆகவே எந்த இருக்கையில் இருந்தீர்கள், எச்சரித்தார்களா, கைப்பிடி இருந்ததா, என்ன வேகம் என்பவைதான் வழக்கின் உயிர்நாடி.

வேகத்துக்கான சாட்சி படகிலேயே இருக்கிறது: ஜிபிஎஸ் கருவியில் பதிவான பாதை. ஆனால் படகு மறுநாளே அடுத்த சவாரிக்குப் போய்விடும், பழைய பதிவு அழிந்தும் போகலாம். அதனால் 'பதிவுகளை அழிக்காமல் வையுங்கள்' என்று அன்றோ மறுநாளோ எழுத்தில் கேளுங்கள். படகின் பக்கவாட்டில் உள்ள பதிவு எண்ணைப் படம் எடுங்கள். டிக்கெட் விற்றவர், படகின் உரிமையாளர், ஓட்டியவரின் முதலாளி மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது சகஜம். உடன் வந்தவர்களின் வீடியோவையும் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவமனையில் முதல் குறிப்பு முக்கியம். 'கீழே விழுந்தார்' என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். 'படகு அலையில் மோதித் தூக்கிப்போட்டது' என்று எழுதச் சொல்லுங்கள். தசைப்பிடிப்பு என்று வலிமாத்திரையோடு அனுப்பினால், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

காலக்கெடுவில்தான் நல்ல வழக்குகளும் தோற்கின்றன. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. கடல்வழிப் பயணிகளுக்கான ஏதென்ஸ் உடன்படிக்கை பொருந்தினால், இறங்கிய நாளிலிருந்து 2 ஆண்டு. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் சொகுசுக் கப்பல்களின் டிக்கெட்டிலோ, 6 மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 1 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்று இருக்கும். எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் அதிலேயே இருக்கும். அப்படி ஒரு நிபந்தனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஏற்றது. டிக்கெட்டை முழுதாகப் படியுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் முதல் மாதமே ஒரு தொகையை நீட்டலாம். 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்று இருந்தால், இனி என்னென்ன சிகிச்சை தேவை என்று மருத்துவர் எழுதித் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குள் கெடு நெருங்கினால், பேச்சுவார்த்தை நடந்தாலும் வழக்கைப் பதிவு செய்துவிடுங்கள்.