வாசகர் கேள்வி – பதில்: இழைப்பதா, பெட்டியில் வைப்பதா?

கேள்வி: எனக்கு மரவேலை கற்றுக்கொடுத்த ஆசிரியர், பட்டறையை மூடி ஓய்வு பெற்ற நாளில், தம் கையாலேயே செய்த இழைப்புளி ஒன்றை எனக்குக் கொடுத்தார். எஃகு உடலும் கருங்காலிப் பிடியும் கொண்டது. இரு பக்கங்களிலும் இலைக்கொடி ஒன்றைச் செதுக்கியிருக்கிறார். பிளேடை அழுத்திப் பிடிக்கும் பித்தளை மூடியில் வெள்ளிக் கம்பி பதித்து ஒரு பறவையை வரைந்திருக்கிறார். நான்கு ஆண்டுகளாக அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் “இழைத்துப் பார்த்தாயா, அம்மா?” என்று அவர் கேட்கிறார், நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். என் அண்ணனோ, “ஒரு கீறல் விழுந்தாலும் போனது போனதுதான். இழைத்தேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் பெட்டியிலேயே வை” என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணன் சொல்லும் பொய் ஒரு நிமிடம்கூட நிற்காது. உங்கள் ஆசிரியர் பெட்டியைத் திறந்து, பிளேடின் முனையை வெளிச்சத்தில் ஒரு முறை சாய்த்துப் பார்த்தாரென்றால், அது மரத்தைத் தொட்டதா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஆகையால் அந்த வழியை முதலில் விட்டுவிடுவோம்.

இத்தகைய கேள்விகளில் பெரும்பாலும் நமக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது: செய்தவர் உயிரோடு இருக்கிறார், தம் விருப்பத்தையும் நான்கு ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அருங்காட்சியகங்களில் இதே விவாதம் நடக்கும்போது, செய்தவர் எதை நினைத்துச் செய்தார் என்பதை அடையாளங்களைக் கொண்டு ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அழகுபடுத்திய கருவி என்றாலே பார்வைக்கு வைப்பதற்காகச் செய்தது என்று முடிவுகட்டுவது பல நேரங்களில் தவறாகவும் போகிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியை ஆண்ட ஆகஸ்ட் என்பவருக்காக நியூரம்பர்க்கைச் சேர்ந்த லியோனார்ட் டானர் என்பவர் 1565-இல் செய்த, உலோகக் கம்பி இழுக்கும் மேசை ஒன்று பிரான்சின் எகுவான் மாளிகையில் உள்ள மறுமலர்ச்சிக் கால அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 4 மீட்டருக்கும் மேல் நீளமான அந்த மேசை முழுவதும் பல நிற மரத் துண்டுகளை இழைத்துப் பதித்த சித்திரங்களால் நிறைந்திருக்கிறது. ஆனால் அதன் உள்ளே இருப்பது உண்மையாகவே கம்பி இழுக்கும் பொறி. ஆகஸ்டும் கைத்தொழிலில் தாமே ஈடுபட்டவர். வேலை செய்யாத பொறிக்கு அவ்வளவு அலங்காரம் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இழையுங்கள். ஆனால் “கருவியைப் பயன்படுத்தலாமா?” என்று மொத்தமாகக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. ஒரு கருவியில் தேய்வதற்கென்றே அமைந்த பாகங்கள் உண்டு, தேயக்கூடாத பாகங்களும் உண்டு; கலை எந்தப் பாகத்தில் இருக்கிறது, தேய்மானம் எந்தப் பாகத்தில் விழுகிறது என்று தனித்தனியாகப் பார்த்தால், பாதிப் பயம் அங்கேயே கரைந்துவிடும்.

உங்கள் இழைப்புளியையே எடுத்துக்கொள்வோம். மரத்தில் உரசுவது அடிப்பாகம். அங்கே கொடியும் இல்லை, பறவையும் இல்லை. பக்கங்களில் உள்ள கொடியை மரம் தொடுவது ஒரே ஒரு வேலையில்தான்: பலகையின் முனையைச் சதுரமாக்குவதற்காக இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தள்ளும்போது. அந்த வேலைக்கு வேறொரு இழைப்புளியை வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒருபோதும் படுக்கவைத்துத் தள்ளாதீர்கள். உளியால் வெட்டி எடுத்த கோடு என்றால் எஃகே அங்கே குழிந்திருக்கும் என்பதால், விரல் படுவதால் மட்டும் அது எளிதில் அழியாது. கோடுகளின் விளிம்புக் கூர்மை பல ஆண்டுகளில் சற்று மழுங்கும், அவ்வளவுதான்.

வெள்ளிக் கம்பியைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பதிப்பு வேலை என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது இரண்டு வகைப்படும். பித்தளையில் பள்ளம் தோண்டி, பள்ளத்தின் அடிப்பகுதியை மேல் வாயைவிட அகலமாக்கி, அதனுள் கம்பியை அடித்து இறக்குவது ஒரு வகை. அது உலோகத்துக்குள் கவ்விக்கொண்டு நிற்கும், விரல் பட்டு உதிராது. மேற்பரப்பை நுண்ணிய குறுக்குக் கோடுகளால் சொரசொரப்பாக்கி, மெல்லிய தகட்டையோ இழையையோ அதன்மேல் அழுத்தி ஒட்டவைப்பது இன்னொரு வகை. இது மேல்தோல் போன்றது, விரல் திரும்பத் திரும்பப் படும் இடத்தில் தேய்ந்துபோகும். முலாம் இதைவிடவும் மெல்லியது. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பறவையின் இறக்கை விளிம்பைப் பாருங்கள். வெள்ளி, பித்தளையின் மட்டத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தால் முதல் வகை. அதையும் நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை, கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார். இரண்டாவது வகையாக இருந்தால், அதே அளவில் வெறும் பித்தளை மூடி ஒன்றைச் செய்து வேலைக்கு அதை மாட்டிக்கொண்டு, பறவையை எடுத்து வைத்துவிடலாம்.

பிளேடுதான் உண்மையில் கரைகிற பாகம். ஒவ்வொரு தீட்டலிலும் அது சிறிது குறைகிறது. முனை உடைந்து சாணைக்குப் போனால் ஒரேயடியாகக் குறைகிறது. அதே அகலத்திலும் தடிமனிலும் இன்னொரு பிளேடு வாங்கி அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கொடுத்ததை, அதற்குத் தகுந்த வேலை வரும்போது மாட்டுங்கள்.

பெட்டிக்குள் இருப்பதால் அது பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையையும் சற்றுக் கலைக்க விரும்புகிறேன். செதுக்கிய பிடி கொண்ட ஓர் உளி என்னிடம் இருந்தது. “பாதுகாப்பாக” இருக்கட்டும் என்று அதை ஒரு தோல் உறைக்குள் போட்டு, துணியில் சுற்றி, இழுப்பறைக்குள் வைத்து ஆறு ஆண்டுகள் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது பித்தளைப் பூணைச் சுற்றிப் பச்சை நிறப் பிசின் போல ஏதோ கசிந்திருந்தது. எஃகின் மேல், தோல் உறையின் தையல் எப்படி ஓடியதோ அப்படியே வரிசையாகத் துருப் புள்ளிகள். பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதில் எஞ்சியிருக்கும் அமிலங்களும் உப்புகளும் உலோகத்தை அரிக்கும் என்பதெல்லாம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதே ஆறு ஆண்டுகளில் தினமும் என் கையில் புழங்கிய, அலங்காரம் ஏதுமில்லாத உளிகளில் ஒரு புள்ளி கிடையாது. காரணம் எளியது: தினமும் எடுக்கிற கருவியைத் தினமும் பார்க்கிறோம், துடைக்கிறோம். கண்ணாடிப் பெட்டியில் உள்ளதைத் தூரத்திலிருந்து ரசிக்கிறோம். அதன் அடியில் என்ன நடக்கிறது என்று புரட்டிப் பார்ப்பதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடும். பெட்டிக்குள் அடைபட்ட காற்று அந்த அளவைத் தாண்டியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் இழைப்புளியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆன்டோனியோ ஸ்ட்ராடிவாரி 1716-இல் செய்த, ‘மெசையா’ என்று அழைக்கப்படும் வயலின் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் வாசிக்கப்படாமல் இருக்கிறது. பட்டறையிலிருந்து நேற்று வந்ததுபோன்ற நிலையில் அது இருப்பதால்தான், அவர் கையிலிருந்து புறப்பட்டபோது ஒரு வயலின் எப்படி இருந்தது என்பதை இன்றைய கைவினைஞர்கள் பார்க்க முடிகிறது. மறுபுறம், குவார்னெரி 1743-இல் செய்த, புகழ்பெற்ற வயலின் கலைஞர் பாகனினி வாசித்த ‘கனோனே’ என்ற வயலின் ஜெனோவா நகரத்துக்கு உரியது. பாகனினி பெயரில் நடக்கும் போட்டியில் வென்றவர்களின் கையில் அது ஒலிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஒன்று அளவுகோலாக இருக்கிறது, மற்றொன்று கருவியாகவே தொடர்கிறது. உங்கள் இழைப்புளியை யாரும் அளவுகோலாக வைத்துப் படிக்கப்போவதில்லை (ஆசிரியர் இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும்). அவர் செய்ததில் அது ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது என்றால் மட்டும் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

தொடங்குவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும், மூடியையும், பிளேடையும் ஓர் அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்; சாய்ந்த வெளிச்சத்தில்தான் செதுக்கலின் ஆழம் தெரியும். யார், எப்போது, எந்த உளிகளால் செய்தார் என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை இழைத்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு லேசான எண்ணெய்த் துணியால் துடையுங்கள்; வியர்வையில் உள்ள உப்பு எஃகுக்கு ஆகாது, அதிலும் செதுக்கல் கோடுகளுக்குள் தங்கினால் அங்கிருந்தே துரு தொடங்கும். பக்கங்களுக்கு, அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களுக்குப் பூசுகிற நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசலாம். பழைய பலகைகளை இந்த இழைப்புளியால் இழைக்காதீர்கள், உள்ளே ஆணி இருக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மேசையிலிருந்து விழுவதுதான். பத்தாண்டு இழைப்பில் வராத சேதம் ஒரு விழுதலில் வரும். ஆகவே மேசை விளிம்பில் வைக்காதீர்கள், இரவல் கொடுக்காதீர்கள்.

பிளேடை நீங்களே தீட்டிவிடாமல், அப்படியே அவரிடம் எடுத்துப் போங்கள். எந்தக் கோணத்தில் தீட்டுவது, பிளேடு வெளியே நீளும் வாயின் இடைவெளியை எவ்வளவு விடுவது என்று கேளுங்கள். எங்காவது சற்று முரண்டு பிடித்தால் சரிசெய்து கொடுக்கவும் இப்போது அவரால் முடியும்.

கேள்வி: என் மாமனார் விட்டுச்சென்ற ஒரு கை ரம்பத்தின் தகடு முழுவதும் யாரோ எண்ணெய் வண்ணத்தில் ஓர் ஆறும் மலையும் வரைந்திருக்கிறார்கள். பற்கள் மழுங்கியிருக்கின்றன. தீட்டிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. மேலே நான் சொன்ன அதே கணக்குதான் இங்கே எதிர்ப்பக்கமாக விழுகிறது. ரம்பத்தின் தகடு அறுக்கும்போது வளையும். மரத்தின் வெட்டுக்குள் இரு பக்கமும் உரசும், சூடேறும். ஆண்டுகள் கடந்து இறுகிப்போன வண்ணப்பூச்சு வளையாது; செதிள் செதிளாக உரியும். தீட்டுவதற்காகப் பட்டறைப் பிடியில் இறுக்கினால் மலையின் அடிவாரம் அப்போதே போய்விடும். பற்கள் மழுங்கிய ரம்பத்தில்தான் படம் வரைந்திருக்கிறார்கள் என்றால், கருவியாக அதன் வேலை முடிந்த பிறகே வரைந்திருக்கவும் கூடும். நேர் வெயிலும் ஈரமும் படாத சுவரில் மாட்டுங்கள். பின்புறம் துரு இருந்தால் அதை மட்டும் உலர்ந்த தூரிகையால் மெல்லத் தட்டுங்கள். முன்புறத்தை எண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள்.

கேள்வி: செதுக்கு வேலைப்பாடு உள்ள பழைய உளித் தொகுதி ஒன்றை விற்க நினைக்கிறேன். பயன்படுத்திய கருவி என்பதால் மதிப்புக் குறையுமா? பாலிஷ் போட்டுக் கொடுத்தால் நல்ல விலை வருமா?

பதில்: பயன்பாட்டால் சிறிது குறையும்; சேகரிப்பவர்கள் முழு நீளப் பிளேடையும் மூலப் பெட்டியையும் விரும்புவார்கள். ஆனால் பாலிஷ் போட்டால் அதைவிட அதிகமாகக் குறையும். சுழலும் சக்கரத்தில் கொடுத்து மினுக்கிய கருவியைப் பார்த்திருக்கிறீர்களா? செதுக்கல் கோடுகளின் விளிம்புகள் சோப்புக்கட்டிபோல் உருண்டிருக்கும், செய்தவரின் முத்திரை பாதி மறைந்திருக்கும், கோடுகளுக்குள் வெள்ளைப் பசை உலர்ந்து அடைந்திருக்கும். நூறு ஆண்டு உழைப்பில் வந்த கருமையை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம், திரும்ப வைக்க முடியாது. ஆகவே தூசியைத் தட்டி, செந்துரு தெரிகிற இடத்தில் மட்டும் எண்ணெய் வைத்து ஒரு நாள் ஊறவிட்டுத் துடைத்து, அப்படியே காட்டுங்கள். கைப்பிடிகளில் வார்னிஷ் பூச வேண்டாம். வாங்க வருபவர் முதலில் எடுத்துப் பார்ப்பது பிடியில் உள்ள தேய்மானத்தைத்தான். எல்லா உளிகளும் ஒரே கையில் புழங்கியவையா என்று அவருக்கு அதில் தெரியும்.