அமெரிக்கச் சில்லறையில் வெள்ளிக் காசு இன்னும் அகப்படுமா?

அமெரிக்காவில் கைக்கு வரும் சில்லறையிலும் வங்கியில் வாங்கும் நாணயச் சுருள்களிலும் பழைய வெள்ளிக் காசுகள் இன்னும் அகப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரிதாகத்தான் என்றாலும் அகப்படும். 1964 வரை ஆண்டு பொறித்த பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் காசுகளில் 90 விழுக்காடு வெள்ளி உண்டு. ஆண்டைப் படிக்கும் முன் விளிம்பைப் பாருங்கள்: செம்புக் கோடு பளிச்சென்று தெரிந்தால் அது பிற்காலத்துக் காசு, விளிம்பு முழுதும் வெண்மையாக இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

என் கணிப்பில், தேடுவதற்கு ஏற்றது பத்து டாலர் கொடுத்து வாங்கும் அரை டாலர் சுருள்தான். அதிலுள்ள இருபது காசுகளைக் கடைகளில் யாரும் அதிகம் புழங்குவதில்லை என்பதோடு, 1965 முதல் 1970 வரையிலானவற்றிலும் 40 விழுக்காடு வெள்ளி இருக்கிறது. கறுத்த காசு கிடைத்தால், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; சேகரிப்பாளர்கள் துலக்கிய காசுக்குக் குறைத்தே விலை தருவார்கள்.