தோல் நோய் உள்ள இளைஞர்களுக்குத் தற்கொலை எண்ணம் வர வாய்ப்பு அதிகமா?

கேள்வி கேட்டவர் தன் தம்பியைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார். தம்பிக்கு 21 வயது, சில வருடங்களாகச் சொரியாசிஸ் (தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும் நோய்). நண்பர்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார், பெரும்பாலும் அறையிலேயே இருக்கிறார். "இப்படி இருக்கிறதுக்கு நான் இல்லாமலே போயிடலாம்" என்று ஒருநாள் சொல்லியிருக்கிறார். வீட்டில் மற்றவர்கள் "தோல் வியாதிக்கெல்லாம் யாராவது இப்படிப் பேசுவாங்களா" என்று விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி.

உண்டு. சிறு வயதிலிருந்து எக்ஸிமாவோடு (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய்) வாழ்கிறவன் நான். இருபதுகளின் தொடக்கத்தில் அந்த எண்ணம் எனக்கும் இருந்தது. நான் மருத்துவன் இல்லை, ஆனால் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: தம்பி சொன்னதை ஏதோ கோபத்தில் வந்த பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ன செய்யலாம் என்பதைப் பதிலின் பின்பகுதியில் எழுதியிருக்கிறேன். நிலைமை அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

தொடர்பு பற்றி. சொரியாசிஸ் நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை வைத்து பிரிட்டனில் செய்த ஒரு பெரிய ஆய்வு 2010இல் வெளியானது. சொரியாசிஸ் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் மனச்சோர்வு நோய் 39 சதவீதம் அதிகம், தற்கொலை எண்ணமும் முயற்சியும் சேர்ந்த பதிவுகள் 44 சதவீதம் அதிகம். அதில் முக்கியமானது, வயது குறைந்தவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாக இருந்தது. 13 ஐரோப்பிய நாடுகளின் தோல் சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஒரு ஆய்வு 2015இல் வெளியானது. தோல் நோயாளிகளில் 12.7 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது, மற்றவர்களில் 8.3 சதவீதம். மனச்சோர்வு தோல் நோயாளிகளில் 10.1 சதவீதம், மற்றவர்களில் 4.3. அந்த ஆய்வில் எந்தெந்த நோய்க்குத் தற்கொலை எண்ணத்தோடு தெளிவான தொடர்பு தெரிகிறது என்று தனித்தனியாகப் பார்த்தபோது முன்னால் வந்து நின்றது சொரியாசிஸ்தான்.

முகப்பருவைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். "வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே" என்பார்கள். நார்வேயின் ஆஸ்லோவில் 18, 19 வயதுக்காரர்களிடம் நடத்திய ஆய்வைப் பாருங்கள். மிக அதிகமாகப் பரு இருந்த பெண்களில் 25.5 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம், பரு குறைவாக இருந்த பெண்களில் 11.9. ஆண்களில் அது 22.6, 6.3. மூன்று மடங்குக்கும் மேல். பையன்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதால் இந்த எண் என்னை மிகவும் பாதித்தது. அதே இளைஞர்களில் எக்ஸிமா இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது 15.5 சதவீதம், எக்ஸிமாவோடு அரிப்பும் இருந்தவர்களில் 23.8 சதவீதம். அரிப்பு என்ற ஒன்று சேர்ந்ததும் எண் எங்கே போகிறது பாருங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எண்ணம் வேறு, முயற்சி வேறு, இறப்பு வேறு. இதுவரை நான் சொன்னவற்றில் பெரும்பகுதி எண்ணத்தைப் பற்றியது. தோல் நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒருபோதும் முயற்சி செய்வதில்லை. இறப்பு பற்றிய சான்றுகள் நோய்க்கு நோய் மாறுகின்றன. அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் கட்டிகள் வந்து உடைந்து சீழ் வடியும் ஹைட்ராடினைட்டிஸ் சப்புரட்டிவா என்ற நோய் இருக்கிறது. அதில் தற்கொலை இறப்பே இரண்டு மடங்குக்கு மேல் என்று டென்மார்க்கில் 2018இல் வந்த ஆய்வு சொன்னது. எல்லாத் தோல் நோய்க்கும் அவ்வளவு என்று சொல்ல முடியாது. அதனால் தம்பியின் நோயின் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவர் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள்.

சரி, ஏன் இப்படி?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "அசிங்கமா இருக்குன்னு கவலைப்படுறான்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது ஒரு பகுதிதான். என்னைக் கேட்டால் முதலில் தூக்கத்தைச் சொல்வேன். அரிப்பு என்றால் வலியைவிடச் சின்னது என்று ஒரு நினைப்பு பலருக்கு. இரவில் உடம்பு சூடேறும்போது அரிப்பு கூடும், கவனத்தைத் திருப்ப அப்போது எதுவும் இருக்காது. தூக்கத்திலேயே சொறிந்து, ரத்தம் வந்து, விழித்து, போர்வையில் கறையைப் பார்த்து, மறுபடி படுத்து, மறுபடி விழித்து. காலையில் "ராத்திரி தூங்கினியா" என்று யாரும் கேட்க மாட்டார்கள், "ஏன் சொறியுறே" என்றுதான் கேட்பார்கள். இப்படி மாதக்கணக்கில் தூங்காத எந்த மூளையும் நாளையைப் பற்றி நல்லதாக யோசிக்காது. தூக்கமின்மை தற்கொலை எண்ணத்துக்குத் தனிக் காரணியாகவே அறியப்பட்ட ஒன்று, தோல் நோய் இல்லாதவர்களிடமும்கூட. சொரியாசிஸிலும் அரிப்பு சாதாரணம். பலர் அதைச் செதில் மட்டும் என்று நினைக்கிறார்கள்.

அடுத்தது, திரும்பத் திரும்ப வருவது. மருந்து போட்டால் அடங்கும். "ஆஹா, போய்விட்டது" என்று நினைக்கும்போது மறுபடி கிளம்பும். முதல் முறை வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு உடைந்துபோகவில்லை. நன்றாகிப் பல மாதம் கழித்து முழங்கை மடிப்பில் மறுபடி சிவந்தபோதுதான் உடைந்தேன். நம்பிக்கை வைத்து ஏமாறுவது நம்பிக்கையே இல்லாமல் இருப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. தற்கொலை எண்ணத்தை ஆராய்கிறவர்கள் சோகத்தைவிட நம்பிக்கையிழப்பைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

மூன்றாவது வயது. சொரியாசிஸ் எந்த வயதிலும் தொடங்கலாம், ஆனால் பலருக்குப் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும்தான் வருகிறது. எக்ஸிமாவும் பருவும் அந்த வயதை விடுவதில்லை. முதல் வேலை, முதல் காதல், புதிய ஊரில் புதிய மனிதர்கள் என்று மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் முதல் பார்வையே முக்கியமாகிவிடும் காலம் அது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "இது ஒட்டுமா" என்று கேட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தால், அது ஒரு நாளோடு போகாது. (ஒட்டாது. சொரியாசிஸ், எக்ஸிமா, வெண்புள்ளி, பரு எதுவுமே தொட்டால் ஒட்டாது. வீட்டில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.) உலகம் முழுக்கவே 15 முதல் 29 வயதுக்குள் இறப்பவர்களுக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாம் இடத்தில் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏற்கெனவே ஆபத்தான வயதில்தான் இந்தச் சுமையும் வந்து சேர்கிறது.

உடம்புக்குள் நடப்பது ஒன்றும் உண்டு. சொரியாசிஸ் தோலோடு நிற்கும் நோய் இல்லை. அது உடம்பு முழுக்க அழற்சி. அந்த அழற்சியில் சுரக்கும் சில வேதிப்பொருட்கள் மூளையில் மனநிலையையும் பாதிக்கக்கூடும் என்பது இப்போது நிறையப் பேர் ஆராயும் விஷயம். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டனர்செப்ட் என்ற ஊசி மருந்தைச் சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்தபோது தோலோடு சேர்ந்து மனச்சோர்வு அறிகுறிகளும் குறைந்தன. எக்ஸிமாவுக்கு வந்த டூபிலுமாப் மருந்தின் சோதனைகளிலும் இதே போலப் பதட்டமும் மனச்சோர்வும் குறைந்தன. அதாவது, தோலுக்குச் சரியான சிகிச்சை கொடுப்பதே மனதுக்கான சிகிச்சையில் பாதி. "மனச தைரியமா வச்சுக்கோ" என்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வைத்து வேதனையை அளக்கவே முடியாது. உடம்பில் பாதி செதிலோடு நிம்மதியாக இருப்பவரும் உண்டு, நகத்திலும் நெற்றி ஓரத்திலும் மட்டும் இருந்து வெளியே வரவே முடியாதவரும் உண்டு. இதனால்தான் 1994இல் கார்டிஃப் நகரின் தோல் மருத்துவர்கள் 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். உடை, விளையாட்டு, நெருக்கம், வேலை என்று வாழ்க்கையில் நோய் எங்கே குறுக்கே நிற்கிறது என்று அது கேட்கும். தோல் மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் படிவம் இது. தம்பியின் மருத்துவர் அதைக் கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அதில் தற்கொலை பற்றிய கேள்வி இல்லை. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

என்னிடம் பல வருடம் அதை யாரும் கேட்கவில்லை. தோலைப் பார்ப்பார்கள், களிம்பை மாற்றுவார்கள், அடுத்த ஆள். அப்புறம் ஒரு மருத்துவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, அதே குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் பதறவில்லை, அறிவுரை சொல்லவில்லை, என் வீட்டாரைக் கூப்பிட்டுத் திட்டவும் இல்லை. எத்தனை நாளாக, எப்போது அதிகமாகிறது, ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று கேட்டார். அரிப்புக்கும் தூக்கத்துக்கும் மருந்தை மாற்றினார், அதே வாரம் மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தோல் இன்றும் முழுதாகச் சரியாகவில்லை. அந்த எண்ணம் போய்விட்டது.

மருந்துகளைப் பற்றிய பயம் பலருக்கு இருக்கும். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின் தற்கொலையைத் தூண்டும் என்று எங்கும் படிக்கலாம். ஸ்வீடனில் அந்த மருந்து சாப்பிட்டவர்களைப் பார்த்த 2010 ஆய்வில், தற்கொலை முயற்சிகள் மருந்து தொடங்கும் முன்பே அதிகரிக்கத் தொடங்கியிருந்தன, சிகிச்சை முடிந்த அடுத்த 6 மாதத்தில் உச்சத்தில் இருந்தன. 2023இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மொத்தமாக ஆபத்து கூடியதாகக் காணவில்லை. தனி ஒருவருக்கு மனநிலை மாறவே மாறாது என்று இதற்குப் பொருள் இல்லை. மருந்து தொடங்கும்போதும், சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகும் உடன் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளும் சிலருக்கு மனநிலையைப் புரட்டும். சொரியாசிஸுக்கான புரோடலுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையோடுதான் 2017இல் அனுமதி கொடுத்தார்கள். தம்பி எதை எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள், அவர் சொன்னதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. இன்றே அவரோடு தனியாக உட்காருங்கள். நேராகக் கேளுங்கள்: "அன்னைக்கு இல்லாமலே போயிடலாம்னு சொன்னியே, தற்கொலை பண்ணிக்கலாம்னு யோசிக்கிறியா?" சுற்றி வளைத்து "அப்படியெல்லாம் யோசிக்க மாட்டேதானே" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். கேட்பதாலேயே எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், வருவதில்லை. பலருக்கு அதுவே ஆறுதல். அவர் பேசும்போது தோலைப் பற்றிச் சமாதானம் சொல்லாதீர்கள். "அவ்வளவு ஒன்றும் மோசமில்லையே" என்று அன்பாகச் சொன்னாலும், நீ சொல்வதை நான் நம்பவில்லை என்றுதான் காதில் விழும். தூக்கம் எப்படி, எந்த நேரம் மோசம், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள்.

ஆமாம், யோசிக்கிறேன் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். திட்டம் இருக்கிறது, அல்லது இன்றைக்கே பயமாக இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். தீங்கு செய்துகொள்ளக்கூடிய எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள், வீட்டில் இருக்கும் மாத்திரைகள் உட்பட. உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே தோல் நோயைப் பற்றி ஆரம்பிக்க வேண்டாம், தற்கொலை எண்ணம் என்றே முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள்.

திட்டம் எதுவும் இல்லை, எண்ணம் மட்டும் வந்து போகிறது என்றால் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரையும் தோல் மருத்துவரையும் பார்க்க நேரம் வாங்குங்கள். தோல் மருத்துவரிடம் அவர் சொல்லத் தயங்கினால், அவர் சம்மதத்தோடு நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எதையெல்லாம் விட்டுவிட்டார், அன்று என்ன சொன்னார். சொரியாசிஸுக்குக் களிம்பைத் தாண்டி ஒளி சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று இப்போது நிறைய வழி இருக்கிறது. மனநிலை இந்த அளவுக்குப் போயிருப்பதே அடுத்த கட்ட சிகிச்சையைப் பற்றிப் பேசப் போதுமான காரணம். அவரோடு நீங்களும் உள்ளே போங்கள்.